பெட்டி வராத சாயங்காலம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே குறை சொல்ல ஆளில்லாவிட்டாலும் நீயும் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது உன் தங்கை. என் கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பி உடைந்துவிட்டது, கடைக்காரர் புதன்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார், அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டாளாம், கடிதத்துக்கு என்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறதாம். ஆகவே நடுவில் எங்காவது நான் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினால் பயந்துவிடாதே, உன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ ம், ம் என்று கொட்டும்போது எனக்குச் சொல்ல வந்த விஷயமே மறந்துபோகிறது.

இன்று சாயங்காலம் எனக்கு உட்கார இடமில்லை. நாற்காலி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஆனால் எதில் உட்கார்ந்தாலும் எழுந்துவிடுகிறேன். உன் தங்கை மேசை விரிப்பை விரித்துத்தான் எழுத உட்கார்ந்தாள், பேசிக்கொண்டே நான் அதன் ஒரு முனையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது, பேனா வழுக்கிவிட்டது என்று கோபித்துக்கொள்கிறாள். சமையலறைக்குள் நான் போகக்கூடாது என்று உத்தரவு. உள்ளே உன் அப்பா இருக்கிறார். இழுப்பறையைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் அதே இழுப்பறையைத் திறக்கிறார். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் உனக்குக் கடிதம் எழுதலாம் என்று சொன்னேன்.

நீ உனக்கு வரவழைப்பது போலவே எங்களுக்கும் அனுப்புகிறாயே, சமைக்க வேண்டியதை அளந்து வைத்து வரும் மீல் கிட் பெட்டி, அது வீட்டுக்குப் பிரயோஜனமா, அடுத்த மாதமும் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்லாததற்குக் காரணம், அதோடு இன்னொரு விஷயம் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதை உனக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மாலை ஷிப்டுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் தன் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்துக்கு வருகிறாயா என்று மேலாளரம்மா என்னைக் கேட்டிருக்கிறார். நான் அங்கே எத்தனை வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. அந்த நீராவி, அந்த இயந்திரங்கள், எந்தத் துணி எந்த வார்டுக்கு, எது கறை போகும் எது போகாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டதும் உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன், ஆனால் வெளியே யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏனென்றால் மாலை ஷிப்டு மதியம் ஆரம்பித்து ராத்திரி சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டித்தான் முடியும். இவள் பள்ளி விட்டு வரும்போதும் உன் அப்பா பணிமனையிலிருந்து வரும்போதும் வீட்டில் நான் இருக்க மாட்டேன். நாளைக் காலையில் பதில் சொல்லியாக வேண்டும். நான் வேண்டாம் என்றால் அடுத்ததாகக் கேட்கப் போவது தலையணை உறையை உள்பக்கம் வெளியே தெரிய மடிக்கிற அந்தப் பெண்ணைத்தான், அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டோம். பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் கண்ணை மூடிக்கொண்டு எந்த போல்ட்டையும் எடுத்துக் கொடுக்கிற மனிதரும், சொந்த வீட்டில் டீத்தூள் எந்த டப்பாவில் என்று கேட்கிற மனிதரும் அவர்தான். இந்தச் சமயத்தில்தான் உன் பெட்டி வந்து சேர்ந்தது. என்றோ ஒரு நாள் போனில் கால் வலிக்கிறது என்றேனே, அதற்கு நீ அனுப்பிய மருந்து அது. ஆனால் எங்களுக்கு அது பரீட்சைத்தாள் மாதிரி ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் சமைத்துவிட்டால் நான் போகலாம், முடியாவிட்டால் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

முதல் பெட்டியை மூன்று பேரும் சேர்ந்துதான் பிரித்தோம். அட்டைப்பெட்டிக்குள் ஐஸ் பை, அதற்கு மேல் மூன்று காகிதப் பைகள், ஒவ்வொரு பையும் ஒரு வேளைச் சமையல். எலுமிச்சைக் கோழி, காளான் சாதம், தக்காளி நூடுல்ஸ். ஒவ்வொன்றுக்கும் படம் போட்ட ஒரு செய்முறை அட்டை. ஒரு வெங்காயம், ஒரு கேரட், சுண்டுவிரல் அளவு இஞ்சி, காகிதத்தில் சுற்றிப் பிறந்த குழந்தை மாதிரி நாலு பல் பூண்டு. உன் அப்பா அந்த ஒற்றை வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது சாம்பிளா, சரக்கு பின்னால் வருமா என்று கேட்டார். உன் தங்கை அட்டையை எடுத்துக்கொண்டு போய் முக்கியமான வரிகளுக்கெல்லாம் அடிக்கோடு போட்டாள். மிதமான தீ என்றால் எவ்வளவு, பொன்னிறம் என்றால் எந்த நகையின் நிறம், பழைய நகையா புது நகையா என்று கேள்வி மேல் கேள்வி. அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று வரி வரியாக வாசித்தால் எப்படி? எனக்குப் பொறுக்கவில்லை, கரண்டியை வாங்கிவிட்டேன். அந்த வாரம் மூன்று சமையலும் நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும், அவர்கள் பெயரில். பரீட்சை எழுதியது டீச்சரே என்றால் மார்க்குக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது வாரம் நான் வேலையில் இருந்தபோதே பெட்டி வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு அன்று விடுமுறை. ஒரு பெட்டி வந்தால் அதைப் பிரித்து, எண்ணைப் பார்த்து, அந்தந்த எண்ணுக்குரிய அலமாரித் தட்டில் அடுக்கி வைக்காமல் அவரால் இருக்க முடியாது, அது அவர் ரத்தத்தில் ஊறினது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று பைகளையும் காலி செய்து, வெங்காயத்தை வெங்காயத்தோடும் கேரட்டைக் கேரட்டோடும் சேர்த்து வைத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பையிலும் பொடியும் சாறும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வரும், மேலே 1, 2, 3 என்று எண் மட்டும்தான் இருக்கும், முதலில் ஒன்றைப் போடு, அப்புறம் இரண்டு என்று அட்டை சொல்லும். கோழிக்கும் ஒரு 1 உண்டு, காளானுக்கும் ஒரு 1 உண்டு, நூடுல்ஸுக்கும் உண்டு. உன் அப்பா எல்லா ஒன்றுகளையும் பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி, எல்லா இரண்டுகளையும் இன்னொரு டப்பாவில் கொட்டி, மேலே அழகாகச் சீட்டு ஒட்டியிருந்தார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கோ என் மேல்தான் ஆச்சரியம். ஒரே நம்பர் போட்டால் ஒரே சாமானாகத்தானே இருக்கணும், வேறு வேறு சாமானுக்கு ஒரே நம்பர் போடுகிறவன் என்ன கிடங்கு நடத்துகிறான் என்று அந்தக் கம்பெனியைத் திட்டினார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நியாயத்தைச் சாப்பிட முடியாதே. அந்த வாரம் மூன்று வேளையும் எங்களுக்கு ஒரே ருசிதான். புளிப்பும் இனிப்பும் காரமும் கலந்து, கோழியும் அப்படி, காளானும் அப்படி, நூடுல்ஸும் அப்படி. உன் அப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மறுபடி வாங்கிக்கொண்டார், குற்றவாளி வேறென்ன செய்வார்? பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்கா ருசி பார்த்துவிட்டு, அளந்து அனுப்புற சாப்பாட்டுக்குப் பசியும் அளந்துதான் வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் அப்பாவைக் கண்டால், அண்ணே, ஒண்ணாம் நம்பர் ஸ்டாக் இருக்கா என்றுதான் விசாரிக்கிறாள்.

சரி, கேலியை விடு, நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த விலைக்குச் சந்தையில் வாங்கினால் இதைவிட நிறைய வரும், அது உனக்கே தெரியும். இரண்டு பேருக்கு என்று வருவது வளர்கிற பெண் இருக்கிற வீட்டில் ஒன்றரைப் பேருக்குத்தான் காணும், பக்கத்தில் சாதமோ ரொட்டியோ வைத்துத்தான் சமாளித்தோம். கீரை வாடிப்போய் வருகிறது. ஒரு ஸ்பூன் சாற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் பாக்கெட், குப்பைக்கூடை நிரம்பிய அளவுக்கு வயிறு நிரம்பவில்லை. சுலபமான பெட்டி என்கிறார்கள், வெட்டுகிற வேலை, கழுவுகிற வேலை, பாத்திரம் தேய்க்கிற வேலை எதுவும் அதில் குறையவில்லை. இதெல்லாம் குறை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதை இவள் சரியாக எழுதுகிறாளா என்று எழுதியதும் படிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அந்த இரண்டாவது வாரத்தில், அந்தக் கண்றாவி ருசியைச் சாப்பிட்ட வாரத்தில், வேலையில் விரிப்பை மடித்துக்கொண்டு நிற்கும்போது என் தலைக்குள் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று நான் யோசிக்கவில்லை. என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது, எதை முதலில் செலவழிக்காவிட்டால் அழுகிவிடும், யாருக்கு எது பிடிக்காது, இந்தக் கணக்கு காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கும், ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாது. சமையல் என்னைக் களைப்பாக்குகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கரண்டி பிடிப்பதில் ஒரு களைப்பும் இல்லை, இன்று என்ன என்று முடிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தது காயும் பொடியும் இல்லை, அந்த முடிவைத்தான். அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மூன்றாவது பெட்டி வர வேண்டிய நாள். மதியம் நான் வந்ததிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இருட்டப் போகிற நேரத்தில், வண்டி பழுதாகிவிட்டது, நாளைதான் வரும் என்று அவர்களிடமிருந்து போன். நாளைக் காலையில் நான் பதில் சொல்ல வேண்டும், இன்றுதான் இவர்கள் இரண்டு பேரும் என் துணை இல்லாமல் செய்து காட்ட வேண்டிய நாள், இன்று போய்ப் பெட்டி வரவில்லை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரி, கடவுளே வேண்டாம் என்று சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். உன் அப்பா வழியில் நின்றுகொண்டு, "உக்காரு. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்" என்றார். என்னத்தைப் பார்ப்பீர்கள், பெட்டிதான் வரவில்லையே என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து இந்த இழுப்பறைச் சத்தம்தான். இப்போது ஏதோ வெட்டுகிறார். இவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் வெட்டினால் காய் தானாகவே வெந்துவிடும். எண்ணெய் காய்ந்த வாசனை வருகிறது, அதிகமாகக் காய்கிறது. மகளே, நீ கொஞ்சம் எழுதிக்கொண்டிரு, நான் வந்துவிடுகிறேன்.

அண்ணா, இனிக் கொஞ்சம் நானே எழுதுகிறேன், அம்மா எழுந்து போய்விட்டாள். இதை அவள் சொல்ல மாட்டாள் என்பதால் எழுதுகிறேன். அவள் சமையலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். கை கைப்பிடியில் இருக்கிறது, ஆனால் திருப்பவில்லை. உள்ளே ஏதோ கீழே விழுந்தது, மூடியாக இருக்க வேண்டும், உருண்டு சுற்றி அடங்குகிற சத்தம் கேட்டது. அப்பா கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். அம்மா அங்கேயே நிற்பதைப் பார்த்தார். ஏதோ கேட்கத்தான் வந்தார், எனக்கு நன்றாகத் தெரிந்தது, வாய்கூடத் திறந்தது. அம்மாவும் பதில் சொல்லத் தயாராக நின்றாள், கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவளுக்குப் பதில் தெரியும், எந்த டப்பா, எந்தத் தட்டு, இடது பக்கமா வலது பக்கமா என்று. பிறகு அப்பா, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கைப்பிடியை விட்டுவிட்டாள். உள்ளே மறுபடி எல்லா டப்பாக்களும் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்கிறது, அவரே தேடுகிறார். அம்மா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எதையும் மடிக்கவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. அதனால் நிறுத்துகிறேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்கிறேன், மகனே. இவள் நடுவில் என்ன எழுதினாள் என்று படித்துக் காட்டச் சொன்னேன், நிற்கட்டும், அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பழைய எலுமிச்சைக் கோழி அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, கோழி இல்லாததால் உருளைக்கிழங்கையும் முட்டையையும் போட்டு அதே மாதிரி செய்திருக்கிறார். பாக்கெட் 1 என்ற இடத்தில் அவருக்குத் தோன்றிய பொடி, பாக்கெட் 2 என்ற இடத்தில் எலுமிச்சை பிழிந்தது. உருளைக்கிழங்கு ஒன்று யானை மாதிரி ஒன்று எலி மாதிரி. ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. ஆனால் சூடாக இருந்தது, சாப்பாடாக இருந்தது, உன் தங்கை தட்டை வழித்தாள். நான் ஒரு வாய் வைத்ததும் என் நாக்கு சும்மா இருக்குமா, உப்பு குறைச்சல் என்றேன். உன் அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டே உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளி, "போட்டுக்க" என்றார். அவ்வளவுதான். நானும் போட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் என்னிடம் இதற்கு முன்னால் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, அதை நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, புரையேறிவிட்டது, அவர் என் தலையில் தட்டினார், இவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாப்பிட்ட பிறகு இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நாளைக்கு என்ன என்று இவள் கேட்கிறாள், காளான் இல்லாமல் காளான் சாதம் என்று அவர் சொல்கிறார், அப்படியென்றால் அது வெறும் சாதம் அப்பா என்று இவள் திருத்துகிறாள். என்னை யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக் காலையில் மேலாளரம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன். கீழே பாத்திரம் விழட்டும், எண்ணெய் கருகட்டும், மாலை ஷிப்டில் இருந்தால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது.

ஆகவே பெட்டியை எங்களுக்கு நிறுத்திவிடு. வீணாகப் போயிற்று என்று நினைக்காதே, நாளை வருவதையும் சமைத்துவிடுவார்கள், ஆனால் இனி இவர்களுக்கு அட்டைகள் போதும், காய் சந்தையில் இருக்கிறது. நீ மட்டும் உனக்கு வருவதை நிறுத்தாதே. தனியாக இருக்கிறவன் களைத்து வந்து இன்று என்ன என்று யோசிக்க ஆரம்பித்தால் பிஸ்கட்டில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அந்த யோசனையை வேறு யாராவது செய்து அனுப்புகிறார்கள் என்றால் உனக்கு அது தகும். ஆனால் சின்னப் பெட்டியே இரண்டு பேருக்குத்தான் வருகிறது என்று அட்டையில் பார்த்தேன். இன்னொரு பங்கை என்ன செய்கிறாய்? மறுநாள் வேலைக்கு எடுத்துப் போகிறாய் என்றால் சரி. குப்பையில் போடுகிறாய் என்றால், பக்கத்து அறையில் உன்னோடு வேலை செய்கிற பையன் இருக்கிறான் என்றாயே, அவனைக் கூப்பிடு. அவன் குறை சொன்னால் உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளு. ஐஸ் பைகளைத் தூக்கி எறியாமல் வை, கால் சுளுக்கினால் உதவும். குளிர் வந்தால் காதை மூடிக்கொள். வாங்கின சட்டையைப் போடாமல் அலமாரியில் வைக்காதே.

நீ எங்கே இருந்தாலும் வயிறும் மனசும் நிறைந்து, நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு. அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது, அவர் கை ஈரமாக இருப்பதால் வாயால் சொன்னார். ஒன்று மறந்துவிடாதே, திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலம் போன் செய்தால் அப்பாதான் எடுப்பார். அடுப்பில் வைத்துவிட்டு வந்து எடுப்பார், அதிக நேரம் பேசாதே. என்னோடு பேச வேண்டுமென்றால் காலையில் கூப்பிடு, மாலையில் நான் வேலையில் இருப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(கையெழுத்து மட்டும் அம்மாவுடையது, கண்ணாடி இல்லாமல் போட்டதால் கோணலாக இருக்கிறது. தங்கை.)